யாரும் கேட்காத ரெஜிமெண்ட்

தண்டபாணி,

உன் அம்மா எழுதுகிறேன். சுகமா என்று கடைசியில் கேட்கிறேன், அப்போதும் கேட்க மனமிருந்தால். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பேத்தி, என் தங்கை பேரன் என்று ஊரில் எல்லோரும் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கும் சொல்லிக்கொள்ள இருக்கிறது.

உன் அண்ணன் வேலுச்சாமியின் மகள் செல்விக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. நேர்முகத்தில் அவளிடம், "குடும்பத்துல யாராவது மருத்துவ வேலை பாத்திருக்காங்களா?" என்று கேட்டார்களாம். "எங்க பாட்டி மருத்துவச்சிங்க. நான் பொறந்ததே அவங்க கையிலதான்" என்றாளாம். கேட்ட டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தோளில் தட்டிக்கொடுத்தார்களாம். அவள் தம்பி கதிர்வேல், ஏரியைச் சுற்றி ஓடும் பந்தயத்தில் முதலாவதாக வந்து ஒரு கோப்பை வாங்கியிருக்கிறான். அதை சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் பவுடர் டப்பாவோடு வைத்திருக்கிறோம். உன் அக்கா வள்ளியின் மூத்தவன் ராஜு ஒட்டன்சத்திரத்தில் தபாலாபீசில் சேர்ந்துவிட்டான். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் காலில் விழுந்தான். அவன் தங்கை மீனா இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை, ஆனால் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழேயிருந்து மேலே சொல்கிறாள். நான் ஐந்தாம் வகுப்பில் மேலேயிருந்து கீழே சொல்லவே அடி வாங்கியவள்.

இவர்கள் எல்லோரையும் சொல்லி முடித்த பிறகு, கடைசியாக உன்னைச் சொல்வேன். பெரிய விஷயத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். "என் சின்ன மகன் பட்டாளத்துல ஆபீசராகப் போறான். வடக்க படிச்சிட்டிருக்கான்" என்பேன். காய்கறி மார்க்கெட்டில் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன், பிள்ளை பெறும் பெண்ணின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுகூடச் சொல்லியிருக்கிறேன். அவள், "அம்மா, மொதல்ல எனக்குப் பொறக்கட்டும், அப்புறம் உங்க மவனப் பத்திச் சொல்லுங்க" என்று கத்தினாள். அப்படிச் சொல்லித் திரிந்த வாய்க்கு இப்போது நீ பூட்டுப் போட்டிருக்கிறாய்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. வழக்கம்போல சலூனில் வைத்துத்தான் பிரித்தேன். உன் அப்பா ஒருவருக்கு முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டே, "சத்தமாப் படி, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். உனக்கே தெரியும், உன் கடிதம் வந்தால் முடிவெட்டி முடிந்தவர்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். நானும் படித்தேன். சப்பாத்தி பழகிவிட்டது, பல் துலக்கும் தண்ணீர் காலையில் கல்லாகக் கிடக்கிறது, பயிற்சி முடியப் போகிறது. எந்தப் பிரிவு வேண்டும் என்று மூன்று பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறாய், மாற்ற வேண்டுமென்றால் அடுத்த மாதக் கடைசி வரைக்கும் மாற்றலாம். அதற்கு அடுத்து நீ எழுதியிருந்ததையும் என் வாய் படித்துத் தொலைத்தது. கண் பார்த்து நிறுத்து என்று சொல்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"காலாட்படையைத்தான் முதலில் எழுதியிருந்தேன். எங்கள் கேப்டன் கூப்பிட்டு யோசிக்கச் சொன்னார். காலாட்படையில் ஆபீசர் யார் வீட்டுப் பிள்ளை, அப்பா என்ன செய்கிறார் என்று சிப்பாய்களே கேட்பார்களாம். மெஸ்ஸில் கூட இருக்கும் ஆபீசர்களும் கேட்பார்களாம். சப்ளை பிரிவில் யாரும் கேட்கமாட்டார்களாம். அதனால் அதையே முதலில் எழுதிவிட்டேன்."

இதை நீ எழுதினாய். நம் சலூனில் நின்றுகொண்டு, உன் அப்பாவின் முகத்துக்கு நேரே நான் படித்தேன். உன் அண்ணனின் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்த மனிதர், பாவம், கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல நடித்தார். உன் அப்பா பிரஷைத் தண்ணீரில் நனைத்தார். அந்த மனிதருக்கு மறுபடியும் சோப்புப் போட்டார். காய்ந்த சோப்பின் மேலேயே போட்டார். கடிதத்தின் கீழே "டேனி" என்று கையெழுத்துப் போட்டிருந்தாயே, அதை மட்டும் நான் படிக்கவில்லை. அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது. அங்கே உன்னோடு படிக்கிறவர்களுக்குத் தண்டபாணி வாயில் நுழையவில்லை என்றால் டேனி என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும். பெற்றவளுக்கு எழுதும்போது யார் அந்த டேனி? நான் அப்படி யாரையும் பெறவில்லை.

நீ என்னைத் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடாது. சப்ளை பிரிவு கேவலம் என்று நான் சொல்லவில்லை. சீனாக்காரன் சண்டையில் மேலே பனியில் நின்ற பிள்ளைகளுக்குச் சோறும் கம்பளியும் போய்ச் சேராமல் என்ன பாடு பட்டார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். "அம்மா, அந்தச் சோற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையை நான் செய்கிறேன்" என்று எழுதியிருந்தால் பஜார் முழுக்கச் சர்க்கரை கொடுத்திருப்பேன். லாரி ஓட்டப் பிடிக்கும், அதனால் போகிறேன் என்று எழுதியிருந்தாலும் சரி. சாகப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தால்கூட, சரிடா சாமி, பத்திரமாக இரு என்றுதான் சொல்லியிருப்பேன். பெற்ற வயிறு வேறென்ன சொல்லும்? நீ பயந்தது குண்டுக்கு இல்லையே! "உங்க அப்பா என்ன செய்யறார்?" என்ற ஒரு கேள்விக்கு அல்லவா பயந்தாய்! துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்களே, அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லையா?

ஏலே, இந்தப் பதிலை உனக்குப் பத்து வயதிலேயே தெரியும். நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். பாதிரிமார் நடத்தும் அந்தப் பள்ளிக்கூடத்தில் உன் அப்பா மாதம் ஒருமுறை போய்ப் பையன்களுக்கு முடிவெட்டுவார். அங்கே பெரிய பாதிரியார் உன் அப்பாவின் கைவேலையையும் உன் சூட்டிகையையும் பார்த்து, சம்பளமில்லாமல் உன்னைச் சேர்த்துக்கொண்டார். எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகள். எஸ்டேட் பிள்ளைகள், மில் முதலாளி பிள்ளைகள். முடிவெட்டுகிற நாளில் தைலமரத்தடியில் வரிசையாக நிற்பார்கள். அன்றைக்குச் சுடுதண்ணிச் சட்டியைக் கொடுக்க நானும் வந்திருந்தேன். ஒரு குண்டுப் பையன் பலகையில் உட்கார்ந்துகொண்டு, "தண்டபாணி, இந்த ஆள் உன் பாதராமே?" என்று கேட்டான். வரிசை முழுவதும் சிரித்தது. நீ என்ன சொன்னாய்? "ஆமா, எங்கப்பாதான். தலையை ஆட்டாதே. ஆட்டினா காது போயிரும். அப்புறம் ஒத்தைக் காதோட லேக்கைச் சுத்துவே." குண்டுப் பையன் காதைப் பொத்திக்கொண்டான். இப்போது வரிசை அவனைப் பார்த்துச் சிரித்தது. உன் அப்பா அவன் கையை மெல்ல எடுத்துவிட்டு, "பயப்படாதீங்க தம்பி, நம்ம கை பிசகாது" என்றார். அந்தப் பையன் கடைசி வரைக்கும் உன் சிநேகிதனாக இருந்தான், ஞாபகம் இருக்கிறதா? பத்து வயதுப் பயலுக்கு இருந்த நெஞ்சு, இத்தனை படிப்புப் படித்து, இடுப்பில் பெல்ட்டுக் கட்டிய பிறகு எங்கே போனது? யாரிடம் கொடுத்துவிட்டு வந்தாய்?

யாரிடம் என்று எனக்குத் தெரியும். கேப்டன் மேல் மட்டும் பழி போட நான் தயாராக இல்லை. அந்த விதை இந்தக் கொடைக்கானலில் விழுந்தது. போன லீவில் நீ வந்திருந்தபோது, ஏரிக்கு மேலே இருக்கிற பங்களாவில், கர்னல் வீட்டில் விழுந்தது. ஜமீன் குடும்பத்து மனிதர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். உன் அப்பா தினமும் வெள்ளனே போய் அவருக்குச் சவரம் செய்கிறார். அவர் மருமகளுக்குப் பிரசவம் பார்த்தவள் நான். அன்றைக்கு வராந்தாவின் ஒரு மூலையில் கால் நீட்டி உட்கார்ந்து, அந்தப் பேரக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மறு மூலையில் அவருக்குச் சவரம் நடந்தது. நீ மரியாதை சொல்லப் போய் நின்றாய். முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு அவர் உனக்குப் புத்தி சொன்னார்.

"வெல்டன் தண்டபாணி. எந்த ரெஜிமெண்ட் கேக்கப்போறே?"

"இன்பாண்ட்ரி சார்."

"குட், குட். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. சில ரெஜிமெண்ட் எல்லாம் ஒரு பேமிலி மாதிரி. தாத்தா இருந்திருப்பார், அப்பா இருந்திருப்பார், பையன் வருவான். டின்னர்ல உக்காந்தா, உங்க பாதர் என்ன பண்றார்னு சும்மா பேச்சுக்குத்தான் கேப்பாங்க. கூச்சமாப் போயிரும், எம்பேரஸ்மெண்ட் உனக்குத்தான். சப்ளை மாதிரி ஏதாவது கேட்டேன்னா கம்பர்டபிளா இருக்கும்."

அந்தப் பாதர் அவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்! அது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. உன் அப்பா, "ஐயா, கொஞ்சம் பேசாம இருங்க. மேலுதடு வருது" என்றார். அவ்வளவுதான். என் கையில் வழுவழுவென்று எண்ணெய்க் குழந்தை. இல்லையென்றால் நான் எழுந்து கேட்டிருப்பேன். "ஏங்க, உங்க மருமக வலி தாங்காம என் கையைக் கடிச்சாங்களே, அப்ப எம்பேரஸ்மெண்ட் யாருக்கு? உங்க பேரன் தலையை உலகத்துல மொதல்ல தொட்ட கை எது?" என்று கேட்டிருப்பேன். ஏரிக்கரையில் திரும்பி வரும்போது நீ சொன்னாய், "கர்னல் சொல்றதும் ரோசிக்க வேண்டியதுதாம்மா." நான், "எதை ரோசிக்கணும்?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று ஒரு கல்லை எடுத்து ஏரியில் எறிந்தாய். அந்த ஒண்ணுமில்லைதான் இப்போது கடிதமாக வந்திருக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் எழுதமாட்டார்கள். உன் அண்ணன் எழுதவேண்டாம் என்றான். நான் எழுதுவேன். உன் அப்பா வழக்கம்போலக் கர்னல் வீட்டுக்குப் போனார். இத்தனை வருஷத்தில் யார் முகத்திலும் ஒரு பொட்டு ரத்தம் பார்க்காத கை. பச்சைக் குழந்தைக்கு முதல் முடி எடுக்கும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், அப்படிப்பட்ட கை. அன்றைக்குக் கர்னலின் தாடையில் கீறிவிட்டது. படிகாரத்தை வைத்து அழுத்தியும் நிற்கவில்லையாம், சட்டைக் காலர் வரைக்கும் வடிந்ததாம். கர்னல், "குளிரு ஜாஸ்தி" என்றாராம். உன் அப்பாவும் வீட்டுக்கு வந்து, "குளிரு" என்றார். பங்குனி மாதத்தில் என்னடா குளிர்? கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அன்று முழுக்கச் சலூனில் உன் அண்ணனை விட்டுவிட்டு, ஏரிக்கரை பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தார். இதைத்தான் நீ தபாலில் அனுப்பியிருக்கிறாய்.

இரண்டு நாள் கழித்துப் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு இறங்கினோம். உனக்கே தெரியும், உத்திரத்துக்கும் பூசத்துக்கும் முடியிறக்கக் கை போதாது, நம் ஆட்கள் எங்கிருந்தாலும் பழனிக்கு வந்துவிட வேண்டும். அது உன் அப்பாவுக்கு அவர் அப்பா வழியில் வந்த முறை. இந்தத் தடவை அவர் வேண்டாம் என்றார். "கை சரியில்ல வள்ளியம்மா" என்றார். நான்தான், "சாமி சோலிக்குப் போகாம இருக்கக்கூடாது" என்று பஸ்ஸில் ஏற்றினேன். முடி இறக்கும் கொட்டகையில் கூட்டம் நெருக்கியது. ஜிப்பா போட்டவர், கோவணம் கட்டியவர், காதில் வைரம் போட்ட அம்மா, பாச்சலூர்ப் பக்கத்தில் இருந்து காட்டு வழியாக நடந்தே வந்த கூலிக்காரர், எல்லோரும் வரிசையில் வந்து, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, உன் அப்பாவுக்கு முன்னால் குனிகிறார்கள். நனைந்த தலையில் ஜமீனும் தெரியாது, கூலியும் தெரியாது. நான் பார்க்காத வேடிக்கை இல்லை, ஆனால் இந்தத் தடவை அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் ஏறியது. ஊரே குனிகிற இடத்தில் பிறந்த பிள்ளை, எங்கேயோ ஒரு சாப்பாட்டு மேஜையில் நாலு பேருக்குப் பயந்து குனிகிறானே என்று.

அப்போது ஒரு பட்டாளத்துக்காரர் வந்து உட்கார்ந்தார். தாராபுரம் பக்கம், ஹவில்தாராம். சண்டையில் பனிக்குள் மாட்டிக்கொண்டபோது, உயிரோடு திரும்பினால் பழனிக்கு முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர். வலது கையில் இரண்டு விரல் பாதிதான் இருந்தது, பனி தின்றுவிட்டது. உன் அப்பா நடு உச்சியில் இருந்து ஒரு பக்கம் மழித்துக்கொண்டிருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "எங்க சின்ன மகனும் பட்டாளந்தாங்க. ஆபீசருக்குப் படிக்கிறான்" என்றேன்.

அந்த மனிதர் திடீரென்று எழுந்துவிட்டார். ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் முடி, காதோரம் தண்ணீர் வடிகிறது. அப்படியே விறைத்து நின்று உன் அப்பாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. உன் அப்பா பதறிப்போய், "ஐயய்யோ, உக்காருங்க, உக்காருங்க, பாதித் தலை அப்படியே கெடக்கு" என்றார். பக்கத்தில் இருந்த கிழவி, "எப்பா, இந்த மொட்டைக்கு என்ன கிறுக்கா?" என்றாள்.

உட்கார்ந்ததும் அவர், "தம்பி எந்த ரெஜிமெண்டுக்கு வர்றாருங்க?" என்று கேட்டார். உன் அப்பா கத்தியைத் தண்ணீரில் கழுவினார். நான் சொன்னேன், "நீ யாரு மகன்னு யாரும் கேக்காத ரெஜிமெண்டாப் பாத்துப் போறானாம்."

அவர் சிரித்தார். "அப்படி ஒண்ணு எங்கம்மா இருக்கு? எனக்குத் தெரிஞ்சு இல்லீங்களே. வர்ற ஆபீசரை நாங்க மொத நாளே கேட்டுப்புடுவோம். அவரும் எங்களக் கேப்பாரு."

"எதுக்குக் கேப்பீங்க? சாதி தெரிஞ்சுக்கவா?" என் குரல் எனக்கே சண்டைக்காரி குரலாகக் கேட்டது.

"அதுக்குக் கேக்கறவனும் இருக்கான். சாமிக்கு முன்னால தலையைக் குடுத்துட்டு உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாது. ஒருநா ரெண்டுநா மொனகுவான். அப்புறம் அந்த ஆபீசரு பின்னாடிதான மலையேறணும், மொனகறதுக்கு மூச்சு இருக்காது" என்றார். உன் அப்பா அவர் தலையைச் சாய்த்து மறு பக்கத்தைத் தொடங்கியதும் அவராகவே சொன்னார். "எங்க ஆபீசர் மேல பனியிலேயே போயிட்டாருங்க. உங்க மகன் வயசுதான் இருக்கும். அவரு ஊரு எது, அப்பா பேரு என்ன, அம்மா எப்படி இருப்பாங்க, எல்லாம் எங்க அத்தனை பேருக்கும் தெரியும். லீவு கெடச்சதும் நானும் இன்னொருத்தனும் நேரா அங்கதான் போனோம். அவங்கப்பா தறி நெய்யறவரு. சத்தங்கேட்டுத் தறிக்குழியில இருந்து எந்திரிச்சு வந்தாரு. சர்க்கார் காயிதம் முன்னமே வந்திருந்துச்சு. ஆனா மகன் கடைசியா என்ன சாப்பிட்டாரு, எதுக்குச் சிரிச்சாருன்னு காயிதத்துல இருக்குமா? அதை நாங்கதான் சொன்னோம். அதுக்குத்தானம்மா கேட்டு வெச்சுக்கறது. யாரு மகன்னே சொல்லாம ஒருத்தர் செத்துப்போனா, நாங்க எந்தக் கதவைப் போய்த் தட்டறது?"

தண்டபாணி, உனக்காக நம் கதவை யாரும் அப்படித் தட்ட வேண்டாம். பழனி ஆண்டவனிடம் அன்றைக்கே மலையேறிப் போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் நீ என்ன செய்திருக்கிறாய் என்று பார். நம் வீட்டுக் கதவு எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியக்கூடாது என்று மறைக்கிறாய்.

உன் அப்பா சந்தனத்தைக் குழைத்து அவர் மொட்டையில் தடவிக்கொண்டே மெதுவாக ஒன்று கேட்டார். "அங்க உங்களுக்கெல்லாம் யாருங்க சவரம் பண்றது?" ஹவில்தார், "ஒவ்வொரு பட்டாளத்துலயும் ஒரு பார்பர் உண்டுங்க. எங்க ஆளு பீகார்க்காரன். பனியில அவன் கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. அப்பவும் மொகம் மழிக்காம எங்களை விடமாட்டான். ஆபீசருக்கும் எங்களுக்கும் ஒரே கத்திதான்" என்றார். உன் அப்பா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் அந்தக் கை பிசகவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவர், "சப்ளையே இருக்கட்டும் வள்ளியம்மா. குண்டு படாது" என்றார். நான், "குண்டுக்குப் பயந்து எழுதிருந்தா நானே சரின்னு எழுதிப் போடுவேன். உங்களுக்குப் பயந்துல்ல எழுதிருக்கான்" என்றேன். வத்தலக்குண்டு வரைக்கும் அவர் வெளியே பார்த்தபடியே வந்தார். மலை ஏறத் தொடங்கியதும், "எனக்கா பயப்படறான்? நான் யாரையும் ஒண்ணும் சொன்னதில்லையே" என்றார். இதைக் கேட்ட பிறகும் உன்னிடம் பதமாகப் பேச வேண்டும் என்று நீ எதிர்பார்த்தால், அது என்னால் ஆகாது.

கர்னலின் மகன் அவன் தாத்தா இருந்த ரெஜிமெண்டுக்குப் போனான், அப்பா இருந்த மேஜையில் உட்கார்ந்தான். அவனுக்கு வழி போட்டுக் கிடந்தது. உனக்கு நாங்கள் அப்படி எதுவும் வைக்கவில்லை, அது மெய். ஆனால் அவன் அந்த இடத்தைத் தன் கையால் சம்பாதிக்கவில்லை. நீ சம்பாதித்தாய். எழுத்துப் பரீட்சையில் உன்னை யார் என்று கேட்டா மார்க்குப் போட்டார்கள்? கயிற்றில் ஏறச் சொன்னபோது, சுவரைத் தாண்டச் சொன்னபோது, உன் அப்பா பெயரைச் சொல்லியா தாண்டினாய்? உன்னோடு நின்ற பெரிய வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உன்னை வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்துக்கொண்ட இடத்தில், கிடைத்ததே போதும் என்று நீயாகப் போய் ஓரத்தில் உட்கார்ந்தால், உனக்குப் பின்னால் வருகிற நம் கதிர்வேலுக்கும் அதே ஓரத்தைத்தான் காட்டுவார்கள். "உங்க சித்தப்பா அங்கதானேப்பா போனாரு, உனக்கும் அதான் சரி" என்பார்கள். அவன் இப்போதே உன் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி ஓடுகிறான்.

உனக்கு நான் எந்த ரெஜிமெண்ட் என்று சொல்லப்போவதில்லை. எனக்கு அதெல்லாம் தெரியவும் தெரியாது. காலாட்படையோ, டாங்கியோ, பீரங்கியோ, அரிசி மூட்டையோ, உனக்கு எதில் கை ஓடுமோ அதை எழுது. ஆனால் அந்தக் கெடு முடிவதற்குள் கேப்டனிடம் போய் நில். "சார், எங்கப்பா முடிவெட்டுகிறவர், அம்மா மருத்துவச்சி, கேட்கிறவர்கள் கேட்கட்டும்" என்று உன் வாயால் சொல். சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு உனக்கு எது தோன்றுகிறதோ அதை எழுதிக் கொடு. அப்போதும் சப்ளை என்றுதான் தோன்றினால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். சொல்லாமல் எழுதிக் கொடுத்தால், எந்தப் பட்டையைத் தோளில் குத்திக்கொண்டு வந்தாலும் இந்தச் சலூன் படியில் உன்னை வா என்று சொல்ல நான் எழுந்திருக்கமாட்டேன். உன் அப்பா எழுந்திருப்பார். அவருக்கு ரோஷம் கிடையாது. எனக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து இருக்கிறது.

இன்னும் ஒன்று. நீ கடைசியாக அனுப்பிய போட்டோவைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்தோம். கோட்டும் டையும் போட்டு, யாருடைய மோட்டார் சைக்கிள் மேலோ சாய்ந்துகொண்டு நிற்கிறாயே, அதை. வருகிறவர்கள் எல்லாம், "தம்பி எந்த பேங்க்ல மேனேஜரு?" என்று கேட்டார்கள். உத்திரத்துக்குப் போய் வந்த அன்றே அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். ஆணி மட்டும் சும்மா இருக்கிறது. உன் அப்பா சவரம் செய்யும்போது நிமிர்ந்து நிமிர்ந்து அந்த ஆணியைப் பார்க்கிறார்.

அதனால் வேறு போட்டோ ஒன்று எடுத்து அனுப்பு. எந்தப் பிரிவாக இருந்தாலும் அதன் உடுப்போடு எடு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள், தலையை யார் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று உன் அப்பா பார்க்க வேண்டுமாம். தனியாக நிற்காதே. நீ எந்த ரெஜிமெண்டுக்குப் போனாலும் அங்கே முடிவெட்டுகிறவர் ஒருவர் இருப்பார். உன்னால் அவர் இல்லாத ரெஜிமெண்டைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள். அவர் யார் மகன், அவர் ஊர் எது என்று கேட்டு வைத்துக்கொள், உன் அப்பா யார் என்று அவரிடம் சொல். சொன்ன பிறகு இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், அப்போது எடுக்கட்டும். மடங்காமல் வர இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டி, வெரசாத் தபாலில் போடு.

சுகமா?

உன் அம்மா